கேட்டுல மாட்டுன பைங்க

குப்பக்காரம்மா வூடா, அதோ அந்த நீல கேட்டுன்னு கைய நீட்டுனா பாரு, அவதான் கிருஷ்ணம்மா. எனக்கு இங்கயே காதுல வுழுந்துச்சு. அட, நீ இன்னாத்துக்கு மூஞ்ச சுருக்கிக்கிற? நீயா சொன்ன? வா, உள்ள வா. செருப்பு இருக்கட்டும். பேன் போடறேன் இரு, கரண்ட்டு கீதான்னு பாக்கலாம்.

ஷில்பாவா பேரு? பங்காரப்பேட்டையா? அதான் தமிழு நல்லா வருது உனக்கு. கையில இன்னா அது, போர்டா? இன்னா எழுதியிருக்குது, கண்ணாடி போடாம தெரியல. மாதிரி வீடா! நல்லாருக்குது. கிருஷ்ணம்மா ஒரு பேரு வெச்சிட்டா, உங்க டிரஸ்ட்டு ஒரு பேரு வெக்கிது. ரெண்டையும் ஒரே ஆணியில மாட்டலாம்.

சிரிக்காத, சும்மா சொன்னேன்.

ஊரு குப்பய வாங்கறத ஏன் வுட்டுட்டீங்கன்னு கேக்குற. கேளு, தப்பில்ல. வர்ற வழியில மூலையில கருகருன்னு சாம்ப கெடக்குதே, பாத்துட்டுத்தானே வர்ற? அதே எடத்துல தெனம் கோலம் போட்டவ நானு. கோலம் இருந்தா கொட்ட மாட்டாங்கன்னு உங்க வின்னி மேடம்தான் சொல்லிக் குடுத்தாங்க. அது நெசந்தான், கொட்டல. அதுக்கு வேற காரணமும் இருந்துச்சு.

நம்ப லைனுக்குள்ள குப்ப வண்டி வராது. வெள்ளக்காரன் காலத்து சந்து இது, எதிர்ல ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் செவுத்தோட ஒட்டிக்கணும். வண்டி ரோட்டு மேலயே நின்னு பாட்டு போடும். அது பாட்டு போடற நேரத்துக்கு இங்க யாரு கீறாங்க? வேலைக்குப் போறதுங்க பூரா கோரமண்டல் டேசன்ல ரயிலேறிடும், பெங்களூருக்கு. மீதி பென்ஷன் கெழங்க, மூட்டு வலி. அப்பால குப்ப எங்க போவும்? மூலைக்குத்தான். நாயி இஸ்து போடும். நாயி இஸ்து போட்டா ஜோஸ் வந்து நெருப்பு வெப்பாரு. எதிர் வூடுதான் ஜோஸு. கெட்டவரு இல்ல. எங்க வூட்டுக்காரரும் அவரும் தங்கச் சொரங்கத்துல ஒரே கேஜ் கூண்டுல எறங்குனவங்க. பொகை போட்டா கொசு போவும்ங்கறாரு, அவரு நாயம் அவருக்கு.

எங்க வூட்டுக்காரரா? அதோ போட்டோல கீறாரு பாரு, அசோகன்னு பேரு. போயி இன்னும் வருசம் திரும்பல. மைன் தூசுதாம்மா போவ வெச்சிடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் தலைய ஆட்டுனேன்.

நெஞ்சு பூரா மண்ணு அவருக்கு. மருந்து பாதிதாம்மா வேல செய்யும், பொகை படாம பாத்துக்கறதுதான் மீதின்னு டாக்டரு சொல்லி வுட்டாரு. பிளாஸ்டிக் பொகைன்னா வெஷமாம். மூலையில பத்த வெச்சா எங்க ஜன்னலுக்குத்தான் நேரா வரும். ஈரத்துணிய வெச்சி அடைப்பேன். அவரு படுக்கவும் முடியாது, குந்தவும் முடியாது, செவுத்த புடிச்சிக்கினு நிப்பாரு. பூமிக்குள்ள கேஜு எப்ப வரும்னு காத்துக்கினு நிக்கறாப்பல நிப்பாரு. நான் மூஞ்சிய பாக்க மாட்டேன், முதுக தடவிக்கினே இருப்பேன்.

அப்பதான் வின்னி மேடம் வந்து ஹசி கசா, ஒண கசா, ஈரம் தனி காஞ்சது தனின்னு பாடம் எடுத்தாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரிஞ்சிது. மூலையில குப்ப இல்லன்னா நெருப்பு இல்ல. வூடு வூடா போனேன். ரயிலுக்குப் போறப்ப உங்க பைய என் கேட்டுல மாட்டிட்டுப் போங்க, நானே வண்டில குடுத்துட்றேன்னேன். யாருக்குக் கசக்கும்? மாட்டுனாங்க. கேட்டு தெரியாத அளவுக்கு மாட்டுனாங்க.

பிரிச்சிக் குடுத்தாங்களான்னா கேக்குற? நல்லா கேட்ட போ. ஆவட்டும்க்கா ஆவட்டும்க்கான்னு தலைய ஆட்டுவாங்க. தொறந்தா சாம்பார்ல பிளேடு மெதக்கும். மருந்து அட்ட, முட்ட ஓடு, மீன் செதிலு எல்லாம் ஒண்ணா கெடக்கும். பொம்பளைங்க சமாச்சாரத்த பேப்பர்ல சுத்தி செவப்பா ஒரு கோடு போட்டு தனியா குடுங்கடின்னா, பேப்பரும் கெடையாது கோடும் கெடையாது. கலந்து குடுத்தா வண்டிக்காரரு வாங்க மாட்டாரு. வாங்கலன்னா திரும்ப மூலைதான், நெருப்புதான். நானே பிரிச்சேன். வாசல்ல குந்திக்கினு, ஒரு குச்சியும் கையுமா. கையுறைலாம் வின்னி மேடம் குடுத்தாங்க, ரெண்டே வாரத்துல பிளேடு கிழிச்சிடுச்சு.

உரம் போட்டதயும் சொல்லணுமே. பின்னால டிரம்முக்கு ஓட்ட போட்டு, ஈரத்த கொட்டி, மேல காஞ்ச தழை போட்டு, ஒரு கை மண்ணு தூவணும்னாங்க. சரின்னுட்டேன். இந்த ஊர்ல மண்ணுன்னா எது? வாசப்படி எறங்குனா அந்த சயனைடு மேடுதான். கூடையில வாரியாந்து தூவுனேன், மாவாட்டம் நைசா இருந்துச்சு. நாளாவுது, போட்ட தோலு போட்டாப்பலயே கெடக்குது. சூடும் ஏறல, ஒரு புழு பூச்சி கெடையாது. அவரு கட்டில்லேர்ந்து எறங்கி வந்து டிரம்முக்குள்ள பாத்துட்டு சிரிச்சாரு பாரு! அடியே, பொன்ன எடுக்க வெஷம் ஊத்துன மண்ணுடி அது, அதுல புழு வந்து குடித்தனம் பண்ணுமாடின்னு. சிரிச்சி சிரிச்சி இருமலே வந்துடுச்சு. அப்பால ஆண்டர்சன்பேட்டையில வூடு கட்ற எடத்துல செம்மண்ணு கேட்டு வாங்கியாந்தேன். அப்பதான் சூடு புடிச்சிது. உங்க பேப்பர்ல அத்த சேத்து போடச் சொல்லு. மண்ணு போடுங்கன்னா நம்ப ஜனம் அந்த மேட்டுக்குத்தான் ஓடும்.

நெருப்பு நின்னுச்சு. ஜன்னல தொறந்து வெச்சேன். அவரு தானா எழுந்து, தானா நடந்து, ஜோஸ் வூட்டுப் படியில குந்தி டீ குடிச்சாரு. அத்த பாத்துட்டு எனக்கு அந்த நாத்தமெல்லாம் நாத்தமாவே தெரியல கண்ணு.

பேரு எப்ப மாறுச்சுன்னுதான் தெரியல. ஜானகிக்கான்னு கூப்ட்டவங்க, குப்பக்காரம்மா இன்னிக்கி ரெண்டு பை கீது பாத்துக்கோன்னு ரோட்டுலேர்ந்தே கத்த ஆரம்பிச்சாங்க. கேட்டு தொறக்க லேட்டானா சத்தம் வேற, சம்பளம் குடுக்கறாப்பல. கிருஷ்ணம்மா முந்தி கருவேப்பிலய கையில வாங்குவா. அப்பால செவுத்து மேல வெச்சிட்டுப் போக்கான்னா. நானும் வெச்சிட்டு வந்தேன்.

அவரு மொதல்லயே வேணாம்னாரு. அவங்க தாத்தா வேலூர் பக்கம். ஊர்ல மாடு செத்தா இவங்கதான் இஸ்துக்கினு போவணும். சோறு மீந்தா இவங்களத்தான் கூப்டுவாங்க. அத்தயெல்லாம் ஒதறிட்டுத்தான் இங்க வந்து பூமிக்குள்ள எறங்குனாங்க. பாற வுழுந்து செத்தாலும் சாவறோம், இன்னொருத்தன் அழுக்க தொட மாட்டோம்னு வந்த ஆளுங்க. மூணு தல மொறையா தொடாதத நீ வாசல்ல குந்தி தொடறியேடின்னாரு. அப்ப பொகைய குடிக்கிறியான்னு கேட்டேன். அதுலேர்ந்து, நான் சோப்பு போட்டு கை கழுவற சத்தம் கேட்டாலே செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு.

டீ குடிக்கிறியா? பயப்படாத, கை கழுவிட்டுத்தான் போடுவேன். ஏ, கண்ணு, வெளாட்டுக்கு சொன்னேன், கண்ணுல தண்ணி வுடாத.

புத்த பூர்ணிமா வந்துச்சு. கிருஷ்ணம்மாவ வுடு, அவ வேற ஜனம், கோயிலு குளம்னு போறவ. புத்தர் விகாருக்கு வர்றது பூரா நம்ப ஜனம். பஞ்சசீலம் சொல்றவங்க. வருசா வருசம் என் பாயசம்தான் மொதல்ல தீரும். குளிச்சி, வெள்ள சேல கட்டிக்கினு, குண்டான தூக்கிக்கினு போனேன். வணக்கம் சொல்லி முடிச்சி எல்லாரும் பந்தியில குந்துனாங்க. நான் கரண்டிய எடுத்தேன். ஒருத்தி சக்கர வியாதின்னா. ஒருத்தி வயிறு சரியில்லன்னா. பக்கத்துக் குண்டான்ல சக்கர இல்லியா? அத்த டம்ளர் டம்ளரா வாங்கிக் குடிக்கறாங்க. ஒரு வாத்த கோவமா பேசல யாரும். சிரிச்சிக்கினேதான் வேணாம்னாங்க.

தூக்கிக்கினு போன குண்டான் அதே கனத்தோட வூட்டுக்கு வந்துச்சு. அவரு மூடிய தொறந்து பாத்தாரு. இந்த வாட்டி எல்லாரும் நெறய செஞ்சிட்டாங்கன்னேன். ஒரு டம்ளர் எடுத்து ஊத்தி நின்னுக்கினே குடிச்சாரு. சக்கர சரியாத்தான் கீதுன்னாரு. குண்டான கழுவி கவுத்தேன்.

போர்ட எடுத்துக்கினு போயிடு கண்ணு. என் டிரம்மு ஓடிக்கினுதான் கீது, வந்து படம் வேணா புடிச்சிக்கோ. பைய மட்டும் இந்த கேட்டுல மாட்டச் சொல்லாத.

ஏன்னா, பாயசம் திரும்பி வந்த மறுநாளு காலையில நான் கொழாயடிக்குப் போயிருந்தேன். கேட்டு பூரா பை தொங்கிக்கினு இருந்துச்சு, வந்து பிரிச்சிக்கலாம்னு போயிட்டேன். கொடம் பாதி நெறயல, பொகை வாட வந்துச்சு. ஜோஸுதான் திரும்ப ஆரம்பிச்சிட்டாருன்னு வாயில வந்ததெல்லாம் திட்டிக்கினே ஓடியாந்தேன். ஜோஸு அவரு கேட்டுக்குள்ள நின்னுக்கினு, நான் இல்ல ஜானகி, நான் இல்லன்னு கைய ஆட்டுறாரு.

எங்க வூட்டுக்காரரு மூக்குல இருந்த ஆக்சிஜன் கொழாய கழட்டிட்டு எறங்கி வந்து, கேட்டுல இருந்த பை ஒவ்வொண்ணா அவுத்து மூலையில கொட்டி, நான் தனியா கட்டி வெச்சிருந்த காஞ்சதையும் அது மேல கவுத்து, பத்த வெச்சாரு. வெச்சிட்டு, வூட்டுலேர்ந்து சேர இஸ்துக்கினு வந்து, காத்துல பொகை எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்து, அந்தப் பக்கமா போட்டு உக்காந்தாரு.