காந்தத்தில் ஒட்டாத காசு

எவர்சில்வர் காசை வாயில் அடக்கினால் எனக்குப் பல் கூசும், ஐயா. அதனால்தான் பழைய ஒரு ரூபாய் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தேன். செம்பும் நிக்கலும் கலந்தது. கன்னத்தில் கிடந்தாலும் உறுத்தாது. இப்போது வருவது இரும்பும் குரோமியமும். அரசாங்கமே சிக்கனம் பார்க்கிற காலம்.

நாகல் நகரில் தொக்கம் எடுக்கிறேன். பிள்ளைகள் வயிற்றில் சிக்கியதைக் குழல் வைத்து உறிஞ்சி எடுக்கிற வேலை. போர்டில் 'டாக்டர் ஆவுடையப்பன்' என்று எழுதியது பெயிண்டர். நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான். எடுக்கப்போவதை முன்கூட்டியே கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன். சோற்றுப் பருக்கை, முடி, எலும்புத் துணுக்கு. பெற்றவர்கள் மனம் ஆறும். மிச்சம் தானாகச் சரியாகும்.

எரியோட்டிலிருந்து ஸ்ரீமதி தன் மகன் ஈஸ்வரைத் தூக்கிவந்தாள். காசை விழுங்கிவிட்டானாம்.

"பெரியாஸ்பத்திரியில படம் எடுக்கச் சொல்றாகண்ணே. பயமா இருக்கு."

குழலை வயிற்றில் வைத்து உறிஞ்சினேன். துப்பினேன். கிண்ணத்தில் ணங்கென்று விழுந்தது.

கூட வந்த அவள் கணவன் சோலைமுத்து பூட்டுப் பட்டறைக்காரன். திருகாணி பொறுக்கும் காந்தம் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அதைக் காசின் மேல் வைத்தான். ஒட்டவில்லை.

"அவன் முழுங்குனது புதுக்காசு, ஒட்டணுமே. இது பெருசாவும்ல இருக்கு?"

"வயித்துப் புளிப்புல ஊறுனா உப்பத்தான செய்யும் அப்பு. அதுல இருந்த இரும்ப உடம்பு உறிஞ்சிருச்சு."

"அப்ப சத்து மாத்திரை மிச்சம்னு சொல்லுங்க" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பையன் சிரிக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. எச்சிலே இறங்காத பிள்ளைக்குக் காசு தொண்டையில்தான் நிற்கிறது. இது எனக்குத் தெரியும். படம் எடுத்தால் காசு தெரியும். காசு தெரிந்தால் நானும் தெரிவேன்.

"படம் கிடம் எடுத்துராதீக தாயி. அந்த வெளிச்சம் பட்டா வயித்துப் புண்ணு சீழ் வச்சிரும். கஞ்சி மட்டும் குடு" என்றேன்.

சொன்னபடி கொடுத்திருக்கிறாள். கஞ்சி இறங்க வழியில்லாமல் மூச்சில் ஏறி, பையன் போய்விட்டான். அறுத்துப் பார்த்து எடுத்த காசு காந்தத்தில் ஒட்டியதாம்.

அசதியாக இருக்கிறது, ஐயா. தெரிந்தேதான் அனுப்பினேன்; அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அன்றைக்கும் அந்தக் காசை வெந்நீரில் கழுவிய பிறகுதான் வாயில் வைத்தேன். பிள்ளைகள் விஷயத்தில் நான் அசட்டையாக இருந்ததே இல்லை.