சிவபாதம் அண்ணைக்கு விழுந்த வாக்குகள்

"நான் செத்துப்போனன் எண்டு வானொலிக்குச் சொன்னது நீங்களோ இல்லையோ, அதை மட்டும்..."

"குறுக்க கதையாதேங்கோ அண்ணை, முதல் நான் சொல்ல வந்ததை..."

"ரீச்சர், இஞ்ச கேள்வி கேக்கிறது நான்."

"கேளுங்கோ. சத்தம் மட்டும் போடாதேங்கோ. உங்கட பிளட்பிறசருக்குக் கூடாது."

அதோடு நீங்கள் பேனையை மூடிவிட்டு, "எல்லாத்தையும் எழுதித் தாங்கோ" என்றீர்கள். எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. முப்பத்திரண்டு வருசம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவள் நான். ஆகவே சிவபாதம் அண்ணை, நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சீட்டு விளையாட்டு. டோர்செட் பார்க் மூத்தோர் மன்றத்தில் செவ்வாய்க்கிழமைகளில் முன்னூற்றி நாலு விளையாடுவோம், தெரியும்தானே. போட்டியின்போது நான் மூக்கைத் தொட்டு, எதிரே இருந்த கூட்டாளிக்கு என் கையில் இருந்த சீட்டைக் காட்டினேன் என்று உங்கள் மச்சான் இராஜரட்ணம் முறைப்பாடு செய்தார். மன்றம் ஒரு வருசத்துக்கு என்னை வரவேண்டாம் என்றது. தொட்டது உண்மைதான். என்னுடைய மூக்கு. ஆனால் ஒரு வருசம் என்றால் என்ன என்று நீங்கள் யோசித்தீர்களோ தெரியாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, பதினாலாம் மாடியில் பிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு ஐம்பத்திரண்டு செவ்வாய்க்கிழமை.

ஆனபடியால் மேன்முறையீடு செய்தேன். அதை விசாரிக்க ஒரு நடுவர் வேண்டும். கனடாவில் நீதிபதிகளை நியமிப்பார்கள், வாக்குப் போட்டு எடுப்பதில்லை. ஆனால் எல்லா மூத்தோர் மன்றங்களும் சேர்ந்த எங்கள் ஒன்றியத்தின் தலைவர் தியாகலிங்கம் அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சில மாநிலங்களில் மேன்முறையீட்டு நீதிபதியை மாநிலம் முழுக்கத் தேர்தல் வைத்துத்தான் எடுக்கிறார்களாம். "அவை செய்யேக்க நாங்கள் ஏன் செய்யக்கூடாது?" என்றார். ஒட்டாவாவிலிருந்து கனடாவில் இருக்கிற லண்டன் வரை, ஒன்ராறியோ மாகாணம் முழுக்க இருக்கிற எங்கள் மூத்தோர் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வந்தது.

இரண்டே பேர். ஒருவர் நீக்கிலாஸ். நல்ல மனுசன், என்னுடைய மட்டன் ரோல்ஸ் தட்டைக் கண்டால் அவருக்குச் சட்டம் ஞாபகத்துக்கு வராது. மற்றவர் நீங்கள். யாழ்ப்பாணக் கோர்ட்டில் பதிவாளராக இருந்தவர், வாக்குக் கேட்கப் போன வீட்டில் ஒரு வாய்த் தேத்தண்ணிகூடக் குடிக்காதவர். நீங்கள் வென்றால் கோப்பை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பீர்கள். வாசித்தால் எனக்கு மூக்கும் மிஞ்சாது, செவ்வாய்க்கிழமையும் மிஞ்சாது.

நீங்கள் ஒட்டாவாவுக்கு வாக்குக் கேட்கப் போன அந்த வியாழக்கிழமை பின்னேரம், நான் தமிழ் வானொலிக்குப் போன் எடுத்து மரண அறிவித்தல் கொடுத்தேன்.

குறை சொல்லக்கூடிய அறிவித்தல் இல்லை அது. அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர் சிவபாதம் அவர்கள் ஒட்டாவாவில் மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார். உங்கள் தகப்பன், தாய், மாமன், மாமி எல்லோரும் காலஞ்சென்றவர்கள் வரிசையில் சரியாக இருந்தார்கள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ அன்ரி" என்றதைத் தவிர வானொலியில் அதை எழுதி எடுத்த பிள்ளை வேறொன்றும் கேட்கவில்லை. சாவில் ஒருவரும் பொய் சொல்லமாட்டார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நானும் மதிக்கிறேன்.

வாக்குச்சீட்டைத் தபாலில் போடக் கடைசி நாள் வெள்ளி. செத்தவருக்கு வாக்குப் போட்டு வீணாக்குவார்களா? எல்லாம் நீக்கிலாஸுக்குப் போகும். அவ்வளவுதான் என் யோசனை. உங்களுக்கு ஒரு தீங்கும் நினைக்கவில்லை.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு போகாமல் விட்டால் பிழை. உங்கள் மனைவி பறுவதம் அக்கா ஒட்டாவாவுக்குத் திரும்பத் திரும்ப போன் எடுத்துக்கொண்டிருந்தா. அங்கே ஒருவரும் எடுக்கவில்லை. நீங்கள் எல்லோருமாகப் பக்கத்து ஊர்களுக்கு வாக்குக் கேட்கப் போய், இரவும் அங்கேயே தங்கிவிட்டீர்கள். "ரீச்சர், அவருக்கு நெஞ்சில ஒரு வருத்தமும் இல்லையே" என்று அவ என் கையைப் பிடித்தா. "சிலபேருக்குச் சொல்லாமல் வரும் அக்கா" என்றேன். அது மருத்துவப்படி உண்மை. பொட்டை அழித்தது நான் இல்லை. நான் ஈரத்துவாய் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். விடியவிடிய அவவைத் தனிய விடாமல் பக்கத்திலேயே இருந்தேன். இதை ஒருவரும் சொல்லமாட்டார்கள், ஆனபடியால் நானே சொல்கிறேன்.

மறுநாள் பின்னேரம் பையோடு வந்து இறங்கினீர்கள். கதவு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, "ஆர் செத்தது?" என்று கேட்டீர்கள். அக்கா கத்தவில்லை, அழவும் இல்லை. சுவரோடு சரிந்து இருந்துவிட்டா. இப்போதும் தேத்தண்ணி தருமுன் உங்கள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தருகிறாவாம். கலியாணம் செய்து நாற்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு இவ்வளவு கரிசனை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

என்னைப் பிடித்துக் கொடுத்தது இராஜரட்ணம். அவர் உங்களைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று பார்த்தேன். நேரே வந்து, "அறிவித்தலில என்ர பேர் ஏன் இல்லை?" என்றார். நீங்கள் உயிரோடு நின்றதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. எந்தச் செத்தவீட்டு அறிவித்தலிலும் மச்சானை விடமாட்டார்களாம், தன் பேரை விடக்கூடிய ஆள் ஸ்காபரோவில் ஒருத்திதானாம். அவருடைய பேரைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, அண்ணை. என் பிழை என்று நான் ஒத்துக்கொள்வது அது ஒன்றைத்தான்.

சனிக்கிழமை வானொலியில் மறுப்புச் சொன்னார்கள். சாவு அறிவித்தல் முடிந்தபிறகு எங்கள் ஆட்கள் எப்போது வானொலி கேட்டிருக்கிறார்கள்? கேட்டிருந்தாலும் வாக்குச்சீட்டுகள் எல்லாம் வெள்ளிக்கிழமையே தபாலில் போய்விட்டன.

பிறகு எண்ணினார்கள். நீக்கிலாஸுக்கு முப்பத்தொன்று. உங்களுக்கு அறுநூற்று நாலு.

வாக்கு எண்ணிய பிள்ளை சாம்பவி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் காட்டினாள். உங்கள் பேருக்கு நேரே புள்ளடி போட்டு, பக்கத்தில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதியிருந்தார்கள். கோர்ன்வோல் என்ற ஊரில் ஒருவர், "அன்னாருக்கு இதையாவது செய்கிறேன்" என்று எழுதியிருந்தார். தேத்தண்ணி குடிக்காத மனுசன் என்று உங்களைத் திட்டிய எங்கள் கட்டடத்து ஆட்கள் எல்லோரும் உங்களுக்குத்தான். நீக்கிலாஸே உங்களுக்குத்தான் போட்டாராம். "செத்த மனுசனோட போட்டி போட எனக்கு மனம் வரேல்லை ரீச்சர்" என்றார்.

அப்படித்தான் நீங்கள் நடுவரானீர்கள். அப்படித்தான் என்னுடைய கோப்பு உங்கள் மேசைக்கு வந்தது. விதிகளில், உயிரோடு இருக்கும் நடுவரை விலக்க ஒரு வழியும் இல்லையாம். நான் தேடிப் பார்த்தேன்.

நீங்கள் எழுதித் தரச் சொன்ன அன்றைக்கு, விசாரணை முடிந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே லிப்டில்தான் ஏறினோம். கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் நம்பர்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்பதாம் மாடி வந்து கதவு திறந்தது. நீங்கள் இறங்க, கதவு பூட்டாதபடி நான் பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

"ஏன் அண்ணை, நான் உங்களைச் சாகடிக்காமல் விட்டிருந்தா, உங்களுக்கு ஆர் வோட்டுப் போட்டிருப்பினம்?"