மெதுவாகச் சொன்னாலும்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வாசுதேவநல்லூர் பஸ் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண், காது மந்தமான தன் அப்பாவிடம் பஸ்ஸுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு சோப்பு டப்பா, அதற்குள் அவளே செய்த சர்க்யூட்.

“எப்பா, இந்த எட்டுக் கால் வச்ச கறுப்பு ஐசிதான் எல்லாம். மைக்ல வார சின்னச் சத்தத்தைப் பெருசாக்கி ஹெட்போனுக்கு அனுப்பும்.”

“பஸ் இரைச்சலையும் பெருசாக்குமே?”

“ஆமா. பேச்சு எது, இரைச்சல் எதுன்னு அதுக்குத் தெரியாது. எவ்வளவு பெருசாக்கணும்னு மட்டும் நாம இந்தத் திருகுல வச்சுக்கிடலாம்.”

ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டுத் திருகை மெல்லத் திருப்பினாள். “இப்பக் கேக்குதா?” பின்னால் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரல்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“ஏட்டி, உன் குரல் இப்படியா இருக்கும்? நீ எப்பவும் என்மேல கோவமா இருக்கேன்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“இல்லப்பா,” என்றாள், அதைவிட மெதுவாக.

“கேட்டுச்சு,” என்றார் அவர்.