செத்தவரும் எழுந்து போகாத ஆட்டம்

கொட்டும் மழையில் நனைந்து வந்தும் மண்டபம் கொள்ளாமல் கூடியிருக்கும் மார்க்கையன்கோட்டைப் பெருமக்களே! சின்னமனூரில் முதன்முதலாகக் கணினி நிலையம் திறந்து, எங்கள் தலைமுறைக்கு மவுசைப் பிடிக்கக் கற்றுத்தந்து, இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அய்யாத்துரை அவர்களே! ஆடுவது என்னவென்று புரியாவிட்டாலும், பசியோடு ஆடக்கூடாது என்று காலை முதல் அடுப்படியில் நின்ற தாய்மார்களே! கோப்பையைச் சுமந்து நகரத்திலிருந்து வந்திருக்கும், இந்த ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் மேலாளர் தம்பி அவர்களே! வென்ற வீராங்கனைகளே, தோற்றும் சிரிக்கிற தோழர்களே! சின்னமனூரில் கணினி பழுது பார்க்கும் எப்சிபா உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என்னை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். "அக்கா, இருபது வருசத்துக்கு மேல கேம் ஆடுறீக. இந்த ஆட்டத்தப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். சொல்ல மாட்டேன்! நல்ல வார்த்தை சொல்ல நான் வரவில்லை. நறுக்கென்று ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன்.

நம் வட்டாரத்தில் 'பாம் கேம்' என்றால் தெரியாதவர் இல்லை. கணினித் திரையில் ஐந்து பேர் குண்டு வைப்பார்கள். ஐந்து பேர் தடுப்பார்கள். அதே சுவர், அதே சந்து, அதே மரப்பெட்டி. நான் கல்லூரிக்குப் போன காலத்துப் பையன்கள் எந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தார்களோ, அதே பெட்டிக்குப் பின்னால் இன்று அவர்களுடைய பிள்ளைகள் ஒளிகிறார்கள்! அழகான ஆட்டங்கள் வந்தன, அழிந்தன. ஆர்ப்பாட்டமான ஆட்டங்கள் வந்தன, அடங்கின. இது மட்டும் ஏன் சாகவில்லை? எதற்கு இத்தனை புகழ்? எதைக் கண்டு இத்தனை மயக்கம்?

அங்கே ஒரு பெரியவர் முணுமுணுக்கிறார். "பொம்பளப்புள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்கிறார். ஐயா, இதே கேள்வியை அய்யாத்துரை ஐயாவின் கடை வாசலில் அன்றைக்கே என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை!

கைதட்டல் இருக்கட்டும், கதையைக் கேளுங்கள். அந்தக் கடையில் நான் ஆடியது வேறொரு ஆட்டம். ராக்கெட்டை ஏவி, அதன் வேகத்திலேயே மதிலைத் தாண்டிப் பறக்கிற ஆட்டம். ஒருவருக்கு எதிரே ஒருவர். துணை இல்லை, தூது இல்லை, திறமை ஒன்றே துணை! பக்கத்து நாற்காலியில் சுருளிவேல் இருப்பார். இன்று வாழை விவசாயி. அன்று பாம் கேம் பைத்தியம். அவருக்கும் எனக்கும் ஓயாத சண்டை.

"உங்க கேம் அடுத்த வருசம் செத்துரும், பாருங்க" என்பேன்.

"ஒங்க கேம்ல செத்தா உடனே எந்திரிச்சு ஓடலாம் எப்சிபா. எங்க கேம்ல செத்தா, உக்காந்து அடுத்தவன் எப்படி ஆடுறான்னு பாக்கணும். அதான் ருசியே" என்பார்.

செத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன ருசி? சிரித்தேன். ஆண்டுதோறும் சிரித்தேன். ஆண்டுதோறும் அந்த ஆட்டத்தின் சாவுக்காகக் காத்திருந்தேன். செத்தது எது தெரியுமா? என் ஆட்டம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டத்துக்குள் நுழைகிறேன். மதில் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, ஆள் இல்லை. யாராவது வருவார்கள் என்று ராக்கெட் விட்டுப் பறந்துகொண்டே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. சில வாரம் கழித்து அதை நடத்திய நிறுவனமே சர்வரை மூடிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். என் கணவர், "விளையாட்டுக்குப் போயி அழுவாகளா?" என்றார். அழுவார்கள்!

ஆகவே இந்தப் பாம் கேமின் மீது எனக்கு இருந்தது வெறும் கோபம் அல்ல, பொறாமை. இன்று காலை வரைக்கும் பொறாமை.

காலையில் என்ன நடந்தது? இறுதிப் போட்டி. ஒரு பக்கம் சுருளிவேல் அணி. ஐவரில் நால்வருக்குத் தலை நரைத்துவிட்டது. மறுபக்கம் தேவதானப்பட்டியிலிருந்து முதல் பஸ் ஏறி வந்த கல்லூரி மாணவிகள்; தலைவி அனிதா மேரி. நாற்காலி போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து மரம் சாய்ந்து கேபிள் அறுந்தது, இணையம் போனது. இன்று எல்லாரும் ஆடுகிற புதிய பதிப்பு இணையம் இல்லாமல் கண்ணையே திறக்காது. மேலாளர் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னிடம் வந்தார்.

"மேடம், நெட் வர சாயங்காலம் ஆகும்ங்கறாங்க. ஆன்லைன் ரேங்க்ல சுருளிவேல் சார் டீம்தான் மேல இருக்கு. அவங்களையே சாம்பியன்னு அறிவிச்சிடலாம்."

அனிதா மேரி ஈரத் துப்பட்டாவைப் பிழிந்தபடி நின்றாள். ஆனால் சுருளிவேல் எழுந்தார். எந்த அணிக்குக் கோப்பை தருவதாகச் சொன்னார்களோ, அந்த அணியின் தலைவரே எழுந்தார்!

"தம்பி, ஆடாமக் குடுத்தா அது கோப்பை இல்ல, தூக்குச்சட்டி. அந்தப் புள்ளைக மழையில நனைஞ்சு வந்திருக்காக. ஆடித்தான் ஜெயிக்கணும். தோத்தாலும் ஆடித்தான் தோக்கணும்."

நானும் எழுந்தேன். "என் கடையில் பழைய பதிப்பு இருக்கிறது. இணையம் வேண்டாம். மெஷினுக்கு மெஷின் வயர் மாட்டினால் போதும்" என்றேன்.

"பழைய வெர்ஷனை கம்பெனி ஒத்துக்காது மேடம். அதுல ஆடினா கோப்பை தரமுடியாது" என்றார் தம்பி.

சுருளிவேல் என்னைப் பார்த்தார். நான் அனிதா மேரியைப் பார்த்தேன். அவள் சொன்ன ஒரே சொல்: "ஆடுவோம்க்கா!"

வாழைத்தார் ஏற்றுகிற வண்டியில் கணினிகள் வந்தன! எழுபது வயதைத் தாண்டிய அய்யாத்துரை ஐயா தரையில் உட்கார்ந்து வயரை மாட்டினார். வண்ண வண்ணத் துப்பாக்கிகள் அதில் இல்லை, காசுக்கு அந்த வண்ணத்தை விற்கிற கடை இல்லை, விளம்பரம் இல்லை. மங்கலான அந்தப் பழைய படம் திரையில் எழுந்ததும் மண்டபம் எழுப்பிய ஆரவாரம் இருக்கிறதே, அதை நீங்கள் கேட்டீர்கள், நீங்கள்தானே எழுப்பினீர்கள்!

இரு அணியும் சமம். கடைசிச் சுற்று. சுருளிவேல் அணி குண்டை வைத்துவிட்டது. இந்தப் பக்கம் நான்கு பெண்கள் செத்தாயிற்று, அந்தப் பக்கமும் நால்வர் செத்தாயிற்று. மிச்சம் அனிதா மேரி, மிச்சம் சுருளிவேல். செத்த நான்கு பெண்களும் எழுந்து போனார்களா? போகவில்லை! அனிதா மேரியின் பின்னால் வந்து நின்று அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த சுருளிவேலின் மனைவி சுப்புத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல யாரு ஆத்தா நம்ம ஆளு?" என்றார். "அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர் உங்கள் வீட்டுக்காரர்" என்றேன். "அவுக கெடக்காக, அந்தப் புள்ள பொழைக்கணும்!" என்றார்.

குண்டைச் செயலிழக்கச் செய்யத் தொடங்கினால் ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தது. இதுதான் சமயம் என்று சுருளிவேல் பாய்ந்து வெளியே வந்தார். ஆனால் அனிதா மேரி தொட்டுச் சத்தம் எழுப்பிவிட்டுக் கையை எடுத்திருந்தாள்! திரும்பி நின்று காத்திருந்தாள்! ஒரே சூடு. பிறகு நிதானமாகக் குனிந்து குண்டை அணைத்தாள்.

"ஏலே, பொய்ச்சத்தம் குடுத்து என்னய வெளிய இழுத்துட்டாளே!" என்று கத்திய சுருளிவேல், தோற்றவரைப் போலவா எழுந்தார்? தன் மகள் வென்றதைப் போல ஓடிப்போய் அவள் தலையில் கை வைத்தார்.

அங்கன வைத்துத்தான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது, ஐயா! இந்த ஆட்டத்தின் புகழ் அதன் துப்பாக்கியில் இல்லை. துப்பாக்கிக்குப் பூசி விற்கிற வண்ணத்திலும் இல்லை. தான் செத்த பிறகும் அடுத்தவருக்காக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த நால்வரிடம் இருக்கிறது! என் ஆட்டத்தில் நான் பறந்தேன்; என் பின்னால் நிற்க ஒருவருமில்லை. இன்றும் என் ஆட்டமே உயர்ந்தது என்பேன், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் இது ஏன் வாழ்கிறது என்று இனி ஒருநாளும் கேட்கமாட்டேன்.

மேலாளர் தம்பி, உங்கள் மேல் வருத்தமில்லை. நீங்கள் வாங்கிய உத்தரவு அப்படி. ஆனால் உங்கள் நிறுவனத்திடம் சொல்லுங்கள். சர்வரை நீங்கள் மூடலாம், எங்கள் வாயை மூட முடியாது! பதிப்பை நீங்கள் மாற்றலாம், ஆடிய ஆட்டத்தை மாற்ற முடியாது! கோப்பையைத் திரும்ப எடுத்துப் போகலாம், வெற்றியை எடுத்துப் போக முடியுமா? முடியுமா மக்களே? முடியாது!

ஒரு நிறுவனம் ஒத்துக்கொள்ளாத இந்தப் போட்டியின் முடிவை, கண்ணால் கண்ட உங்களைச் சாட்சியாக வைத்து நான் அறிவிக்கிறேன். வாகை சூடியவர்கள், தேவதானப்பட்டி அனிதா மேரியும் அவள் தோழியரும்! வாங்கம்மா, ஐந்து பேரும் மேடைக்கு வாங்க. தாய்மார்களே, எழுந்து நில்லுங்கள், கூரை அதிரத் தட்டுங்கள்!

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், போட்டியை விட்டுக்கொடுக்காத நெஞ்சங்களுக்கும் நன்றி கூறி, வெறுங்கையோடு வென்ற இந்தப் பெண்களுக்கு என் வணக்கத்தைச் செலுத்தி அமர்கிறேன்.