பிடித்தால் விட்டுவிட வேண்டும்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அய்யா. சத்தியம் செய்ய உங்கள் மேசையில் தோதான பொருள் எதுவும் இல்லாததால், வாழ்நாளெல்லாம் எனக்குச் சோறு போட்ட தையல் மிஷின்மேல் ஆணையாகச் சொல்கிறேன். டீ நன்றாக இருந்தது. சர்க்கரை ஒரு சிட்டிகை தூக்கல். இதைப் புகாராக எழுதிக்கொள்ள வேண்டாம்.

இன்று காலை ஆற்றில் என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, நேர்ந்ததற்கு முழுப் பொறுப்பும் நான்தான். விபத்து என்று எழுதாதீர்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. என்ன தண்டனை உண்டோ அதைக் கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எக்காரணம் கொண்டும் என்னை இன்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டாம். பேசும்போது நடுவில் யாராவது திருத்தினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வண்டிகளில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓய்வு பெற்றபோது பிரேக் போய்விட்டது, கால் மட்டும் ஓய்வு பெறவில்லை. யார் எதைச் செய்தாலும் அவர் வலது கால் தரையை மிதிக்கும். சாப்பிடும்போது நான் உப்புக்குக் கை நீட்டினால் மேசைக்கு அடியில் தொம்மென்று சத்தம் கேட்கும். கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்று, தையற்காரனான எனக்கே சொல்லிக்கொடுத்தவர். இதனாலெல்லாம் எனக்கு அவர்மேல் துளியும் வருத்தம் இல்லை. இந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ட்ரவுட் மீன் பைத்தியம் பிடித்தது. அது குளிர்ந்த தண்ணீரில்தான் இருக்குமாம். பஸ் போகாத மலையாறுகளாகத் தேடிப் போவார். இதற்குப் புழு கூடாதாம். இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்ற வேண்டுமாம்.

"மாப்ளே, எத்தனை நாளைக்குத்தான் வீட்ல ஈ ஓட்டிக்கிட்டு இருப்பீங்க? வாங்க, ஈயைக் கட்டியே மீன் புடிக்கலாம்" என்றார். பேரன் பேத்தி எடுத்தும் அவருக்கு நான் மாப்பிள்ளைதான்.

பூச்சி கட்டுவதில் மட்டும் நான் அவரை மிஞ்சினேன். என் பூச்சிகளுக்கு இடுப்புச் சுருக்கம் இருந்தது. ஒன்றுக்குக் காலர்கூட வைத்தேன். மச்சான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீன் என்ன இதை மாட்டிக்கிட்டு ஆபீசுக்கா போகப்போகுது?" என்றார். அதற்கும் எனக்கு வருத்தம் இல்லை.

இன்று விடிந்ததும் கிளம்பினோம். மலைப்பாதையில் நான் ஓட்டினேன், அவர் மிதித்தார். பாதை முடிந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி நடந்தோம். ஆறு கண்ணாடி மாதிரி இருந்தது. கூழாங்கற்களுக்கு மேலே மீன்கள், புள்ளி போட்ட சீட்டித்துணி மாதிரி, ஓட்டத்தை எதிர்த்து முகத்தை வைத்துக்கொண்டு நின்றன.

மார்புவரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதன் இடுப்பில் ஒரு வார் உண்டு. இறுக்கிக் கட்டினால், தவறி விழுந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது. ஆனால் வாரைக் கட்டினால் மடிப்பு கேவலமாக விழுகிறது. ஆகவே வார் அவிழ்க்கப்பட்டது. யார் இடுப்பிலிருந்து என்று கேட்கிறீர்கள். பொதுவாகச் சொன்னேன்.

எனக்கு இது முதல் தடவை. தூண்டிலை வீசினேன், மரத்தில் மாட்டியது. மறுபடி வீசினேன், என் தொப்பியிலேயே மாட்டியது. மச்சான் பாறைமேல் நின்று, "மாப்ளே, மீன் தண்ணிக்குள்ள இருக்கும். மரத்துல காய்க்காது" என்றார்.

பிறகு பாடம் தொடங்கியது. மீன் மாட்டினால் அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, நூல் அறுந்துவிடும். "கிளட்ச் மாதிரி, மெதுவா விடணும். அது ஓடட்டும். களைச்சதும் கைவலையில வாங்கணும். காஞ்ச கையால தொட்டா அதோட தோல் போயிடும், அதனால கையை நனைச்சுக்கணும். அளவெடுக்கணும். முகத்தை ஓட்டத்துக்கு எதிரா திருப்பி, தெம்பு வர்ற வரைக்கும் தாங்கிப் புடிக்கணும். அப்புறம் விட்டுடணும்."

"கரைக்குக் கொண்டுவரக் கூடாதா மச்சான்?"

"கரைக்குக் கொண்டுவந்தா அது கொலை மாப்ளே."

இந்த வாக்கியத்தை அப்படியே பதிவு செய்யுங்கள். என் வழக்கே இதில்தான் நிற்கிறது.

அடுத்த அடி வைக்கும்போது பாசி வழுக்கியது. ஆள் தண்ணீருக்குள் போனார். ரப்பர் உடுப்புக்குள் தண்ணீர் புகுந்து அது குடம்போல உப்பியது. ஓட்டம் இழுத்துக்கொண்டு போனது. அப்போதுதான், அய்யா, இன்றைய முதல் சுத்தமான வீச்சு நிகழ்ந்தது. நூல் காற்றில் வளைந்து நீண்டு, என் காலர் வைத்த பூச்சி போய்ச் சரியாகச் சட்டைக் காலரில் உட்கார்ந்தது.

என் காலரில் இருக்கும் கிழிசலைப் பார்க்கிறீர்கள். இது பழைய சட்டை. தன் சட்டையைத் தைத்துக்கொள்ள எந்தத் தையற்காரனுக்கு நேரம் இருக்கிறது?

நான் பாடத்தை ஓர் எழுத்துகூட மீறவில்லை. இழுக்கவில்லை. நூலை மெதுவாக விட்டேன். மச்சான் தண்ணீருக்கு மேலே வந்த நேரமெல்லாம் கத்தினார்.

"இழுய்யா! இழு!"

இத்தனை வருடத்தில் அவர் என்னை மரியாதை இல்லாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் மரியாதை தவறவில்லை. "அவசரப்பட்டு இழுத்தா அறுந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க மச்சான்?" என்றேன்.

"அது மீனுக்குய்யா!"

பாடம் நடத்தும்போது இந்த விலக்கைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வளைவுவரை ஓடினார். திரும்பி வந்தார். மறுபடி ஓடினார். கடைசியில் கத்துவது நின்றது. களைத்துவிட்டார் என்று தெரிந்தது. கைவலையை நீட்டினேன். தலை மட்டும்தான் அதில் கொண்டது. கையை நனைத்துக்கொண்டேன், ஏற்கெனவே நனைந்திருந்தாலும். பையில் எப்போதும் இருக்கும் டேப்பை எடுத்து மார்பு, தோள், கைநீளம் எல்லாம் அளந்தேன். மார்புச் சுற்றளவு பெருத்திருந்தது. தண்ணீரையும் சேர்த்து அளந்தேன் என்பதை நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு முகத்தை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தேன்.

"மாப்ளே, என்ன பண்றீங்க?" என்றார். மரியாதை திரும்ப வந்திருந்தது.

"விடப்போறேன் மச்சான்."

"கரை கைக்கெட்டுற தூரத்துல இருக்கு மாப்ளே."

"கரைக்குக் கொண்டுபோனா அது கொலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

மச்சான் என் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதும் அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதை ரசித்தேன். தண்ணீருக்கடியில் அவர் வலது கால் எதையோ மிதிப்பது தெரிந்தது. பிறகு உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. தெம்பு வந்துவிட்டது. கையை எடுத்தேன்.

போய்விட்டார். இதுதான் நடந்தது. கொன்றேன் என்று எழுதினாலும் சரி, விட்டேன் என்று எழுதினாலும் சரி, கையெழுத்துப் போட்டுத்தருகிறேன்.

என் சட்டை ஏன் இன்னும் சொட்டுகிறது என்கிறீர்கள். மீன் பிடிக்கப் போனவன் நனையாமல் வருவானா? குளிரில் பல் அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

லாக்கப் எந்தப் பக்கம்? சின்ன அறை என்றாலும் பரவாயில்லை. வீட்டுக்கு மட்டும் வேண்டாம். போனால் இனி என் ஆயுசு முழுக்க, எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், யார் வந்து உட்கார்ந்தாலும், "அன்னிக்கு ஆத்துல நான் மட்டும் இல்லேன்னா இவர் கதி என்ன?" என்று மச்சான் ஆரம்பித்துவிடுவார். முழுப் பாடத்தையும் சொல்வார். வாரைக் கட்டச் சொன்னதையும் சொல்வார். என் மனைவி தன் அண்ணனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

செத்தவர் எப்படி வந்து சொல்வார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

வெளியே பெஞ்சில், நான் மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வலது காலால் தரையை மிதித்தபடி உட்கார்ந்திருப்பவர்தான் என் மச்சான்.