துவக்கிறதுக்கு ஒரு துவக்கு

வெயில் தன் பக்கம் சாய்ந்த பிறகும் தலைமை நாற்காலியை விட்டுச் சாயாமல் வீற்றிருக்கும் பழைய மாணவர் சங்கத் தலைவர் தேவராசா அவர்களே, பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க வந்து பிள்ளைகள் நிற்பதையே நெடுநேரம் பார்த்துக் களைத்த பெற்றார்களே, பண்டத்தரிப்பின் பெரியோர்களே, குடையும் தண்ணீர்ப் போத்தலுமாய் மைதானத்தின் ஓரமெல்லாம் காவல் நிற்கும் தாய்மாரே, மூன்று இல்லங்களின் முத்தான மாணவச் செல்வங்களே, நாட்டின் பாதுகாப்பைக் கருதி எங்கள் விளையாட்டு அலுமாரியைக்கூட விட்டுவைக்காத சட்டத்தின் காவலர்களே, இப்பாடசாலையின் அதிபர் என்ற முறையில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இன்றைய மெய்வல்லுநர் போட்டியின் மாட்சியைக் கண்டீர்கள். நூறு மீற்றர் ஓட்டத்தை இரண்டு பலகைகளைத் தட்டித் தொடங்கினோம். முதலாம் பாதையில் நின்ற பிள்ளைக்குக் கேட்டது. எட்டாம் பாதையில் நின்ற பிள்ளைக்குக் கேட்கவில்லை. விசில் ஊதினோம். வீதியால் போன முச்சக்கரவண்டி நின்றது, பிள்ளைகள் அசையவில்லை. கடைசியில் ஐஸ்கிறீம் வான்காரர் ஹோர்ன் அடித்தார். எட்டுப் பேரும் ஒன்றாய்ப் பாய்ந்தார்கள். முதலாம் பாதையில் நின்ற எங்கள் ஜெசிதா அதே நூறு மீற்றரை இரண்டு தடவை ஓடி, இரண்டாம் தடவை கால் பிடித்து விழுந்தாள்.

ஏன் இந்தக் கூத்து? ஓட்டம் தொடங்க நாங்கள் வெடிக்கும் அந்தச் சிறு கருவி, இப்போது நீதிமன்றத்தில் சான்றுப்பொருள். பதினொரு வருடமாக அதை வானத்தை நோக்கிப் பிடித்த எங்கள் உடற்கல்வி ஆசிரியை தர்சினி, இப்போது வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டு வீட்டில். குற்றம் என்ன தெரியுமா? அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருந்தது.

பருத்தித்துறையில் இன்னொரு பாடசாலைப் போட்டிக்கு ஓட்டம் தொடங்கிவைக்கப் போனார். வழியில் பொலிசார் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள்.

"பைக்குள்ளை என்ன, ரீச்சர்?"

"துவக்கு, அண்ணை."

"என்னத்துக்கு?"

"துவக்கிறதுக்குத்தான்."

அவ்வளவுதான் அவையோரே, வாக்குமூலம் முடிந்தது. சுடுவதும் துவக்கு, தொடங்கு என்று ஏவுவதும் துவக்கு. அதுதான் எங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ். எழுதியவர் சுருக்கினார், சிங்களத்துக்கு மொழிபெயர்த்தவர் இன்னும் சுருக்கினார். மிஞ்சியது ஒரே ஒரு வரி: துவக்கு வைத்திருந்ததை ஒப்புக்கொண்டார். இலக்கணம் படிக்காமல் விட்டால் புள்ளிதான் குறையும் என்று இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். ஆளே உள்ளே போகலாம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அந்தக் கருவியின் பயங்கரத்தைக் கேளுங்கள். பொட்டு வெடி போட்டால் பட்டென்று ஒரு சத்தம், பிறகு கொஞ்சம் புகை. குழாயின் வாயை ஈயம் உருக்கி அடைத்திருக்கிறது. சுடுகிற ரவையா வெளியே வரும்? எறும்பு வராது. தர்சினியின் சட்டத்தரணி ஜெயகௌரி இதைத்தான் சொன்னார். சட்டம் உயிரைக் காக்க வந்தது, ஓடுகிற பிள்ளைகளை மறிக்க வரவில்லை என்றார். எதிர்ப்பக்கத்தார் எழுந்தார்கள். சட்டத்தில் உள்ள சொல்லை அகலமாகப் படிக்க வேண்டும் என்றார்கள். அடைத்ததைத் துளைக்கலாம் அல்லவா, துளைத்தால் சுடலாம் அல்லவா, ஆகவே துளைக்காததும் துவக்கே என்றார்கள். என்ன அகலம், என்ன ஆழம், என்ன அற்புதம்.

முன்வரிசையில் லூர்த்தம்மா ஏதோ கேட்கிறார். சொல்லுங்கோ அம்மா.

"அப்ப சேர், எங்கடை வீட்டிலை சைக்கிள் பம்ப் ஒண்டு கிடக்கு. அதுக்கும் குழாய் இருக்கெல்லோ?"

நல்ல கேள்வி. குழாய் உண்டு, கைபிடி உண்டு, காற்றும் சீறி வரும். நாளைக்கே கொண்டுபோய் ஒப்படையுங்கள். நாதஸ்வரக்காரர்கள் கவனமாக இருங்கள்: குழாயும் உண்டு, சத்தமும் உண்டு, சிலர் வாசித்தால் காயமும் உண்டு. மருதனார்மடச் சந்தியால் மோட்டார் சைக்கிளில் வெடித்துக்கொண்டு போகிற வீரர்கள் மட்டும் பயப்படத் தேவையில்லை. அவர்களை ஏனோ எந்தச் சட்டமும் அகலமாகப் படித்ததில்லை.

சிரியுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துவக்கு என்றால் என்னவென்று இந்த மண்ணுக்கு எவரும் வந்து பாடம் நடத்தத் தேவையில்லை. சட்டம் இறுக்கமாக இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். கொல்லும் கருவியைத் தேடட்டும், ஒளித்தவனைப் பிடிக்கட்டும், கடத்தியவனைக் கூண்டில் ஏற்றட்டும். ஆனால் தேடிய கைக்கு அது அகப்படவில்லை என்பதற்காக, அகப்பட்டதையெல்லாம் அதுவாக்கலாமா? அச்சத்துக்கு அகராதி எழுதும் வேலையைக் கொடுக்கலாமா? வரும் திங்கட்கிழமை கடைசிச் சாட்சியையும் கேட்டு நீதவான் முடிவு சொல்வார். பாதகமாக வந்தால் தர்சினிக்குச் சிறை. வேலையும் திரும்பக் கிடைக்காது.

"பள்ளிக்கூடம் என்ன செய்தது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். றஜிந்தன், பழைய மாணவன். இந்தக் கேள்வி வராமல் பேச்சு முடிந்துவிடாதா என்று, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசையும் பட்டேன்.

பொலிசார் பாடசாலையைக் கேட்டார்கள்: இது உங்களுடையதா? பாடசாலை எழுத்துமூலம் பதில் கொடுத்தது: "எமது பதிவேட்டில் துவக்கு எதுவும் இல்லை." பொய் இல்லை, அவையோரே. பதிவேட்டில் அதற்குப் பெயர் "ஓட்டம் ஆரம்பிக்கும் கருவி". என்ன நுட்பம் பாருங்கள். அவர்கள் சொல்லை அகட்டினார்கள். இந்தப் பாடசாலை ஒடுக்கியது. இடையில் நசுங்கியது ஒரு பெண். அந்தக் கடிதத்தால்தான் அது அவருடைய சொந்தத் துவக்கு ஆயிற்று. கடிதத்தின் கீழே இருப்பது என் கையொப்பம்.

ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம். பயந்துவிட்டேன். வேறு விளக்கம் என்னிடம் இல்லை. தர்சினி ஒரு நாளும் என்னை வந்து ஏன் என்று கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே திங்கட்கிழமை பதிவேட்டோடு நான் போகிறேன். அது பாடசாலையின் பொருள், பையில் வைத்துக் கொடுத்தது நான், பருத்தித்துறைக்கு அனுப்பியதும் நான் என்று சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்லப்போகிறேன். பலகை தட்டியதுபோல் ஒருவருக்குக் கேட்டு ஒருவருக்குக் கேட்காமல் சொல்ல மாட்டேன். விசில் ஊதியதுபோல் வேறு ஆளைக் காட்டிச் சொல்ல மாட்டேன். இந்த மைதானத்தில் அவர் வெடித்த சத்தத்துக்கு ஓடியவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். இவ்வளவு பேரா? வாருங்கள். நீதிமன்ற வாசலில் வந்து நில்லுங்கள். கத்த வேண்டாம், கொடி பிடிக்க வேண்டாம். ஓடிய கால்கள் அங்கே நின்றால் போதும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கேட்க வேண்டியதைக் கேட்ட றஜிந்தனுக்கும் என் நன்றி. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் கூப்பிடுவார்கள். தர்சினி முதலாம் எதிரி. திங்கட்கிழமை என் பெயரைச் சொல்லி இரண்டாம் எதிரி என்று கூப்பிட்டால், "ஓம், ஐயா" என்று எழும்பி அவருக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். வணக்கம்.