ரிங்குதான் என்றேன்

டீயை அப்படியே வையுங்கள் ஐயா. ஆறினால்தான் எனக்குத் தொண்டையில் இறங்கும்.

விக்கிரமங்கலத்துக்கு வெளியே இருக்கிற அந்தக் கிணறு எனக்கும் என் அண்ணன் காசிநாதனுக்கும் பொது. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றியதால் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மேலே நின்ற டீசல் இஞ்சினைக் கயிறு கட்டி, கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருந்த பாறைத் திட்டில் இறக்கி வைத்தோம். புகை உள்ளே தங்கினால் ஆளைக் கொல்லும். அதனால் புகைக்குழாயை மேலே வரை நீட்டி விட்டவனும் நான்தான். அரியலூரில் இஞ்சின் பட்டறை வைத்திருப்பவனுக்கு அது தெரியாதா?

அண்ணனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அது அவனுக்கு வேதம். சித்திரையில் என் மனைவி பொன்னம்மாள் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பங்காளி வீட்டுச் சாவு. கருமாதி முடியும்வரை அவனுக்கும் தீட்டுதான், மண்வெட்டியைத் தொடக்கூடாது. பால் தெளித்த மறுநாள் கிணற்றுப் பக்கம் போனேன். என் முறைத் தண்ணீர் அவன் பருத்திக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

"நீதான் பாய்ச்சப் போறதில்லையே தம்பி. சும்மா கெடக்குற தண்ணிதானே" என்றான்.

தீட்டுப் பார்க்காதவன் மனிதனா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனியில் இஞ்சின் சரியாக இழுக்கவில்லை. பக்கத்தில் நின்றால் எனக்குத் தலை சுற்றியது. என் முறையன்று கேஜை எடுத்துக்கொண்டு இறங்கினேன். டீசல் பீச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டி இஞ்சினைச் சுற்றினால், உள்ளே காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள் காட்டும். நானூறு பவுண்டு காட்ட வேண்டியது இருநூற்றைம்பதில் நின்றது. முள்ளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன் மெக்கானிக் இல்லை. ஒரு கரண்டி ஆயிலை உள்ளே விட்டு மறுபடி சுற்ற வேண்டும். முள் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, இழுவைதான் குறையும். ஏறாவிட்டால் காற்று வேறு வழியாகப் போகிறது. ஏறவில்லை. ஹெட்டின் ஓரமெல்லாம் கரி. ஹெட்டுக்கு அடியில் காற்றை அடைத்து நிற்கிற கேஸ்கட் போய், புகை குழாய்க்குப் போகாமல் கிணற்றுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது.

மேலே வந்தேன். அண்ணன் விளிம்பில் நின்றான்.

"என்னடா காட்டுது?"

"எரநூத்தம்பது. ரிங்குதாண்ணே. ஓட்டலாம். நடுவுல நின்னு நின்னு போவும், பக்கத்துலேயே உக்காந்து பாத்துக்க."

கேஜ் காட்டியதை ஒரு பவுண்டு கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் அவன் இறங்கினான். நான் பட்டறைக்குப் போகவில்லை. என் வரப்பில் புல் செதுக்கிக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலுக்கு முன்பே இஞ்சின் நின்றுவிட்டது. அதற்கே மூச்சு முட்டியிருக்கும். அண்ணி கண்ணகி கஞ்சித் தூக்கோடு வந்தார். கிணற்றுக்குள் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"கூப்புட்டா பேச மாட்டேங்கிறாரு கொழுந்தனாரே. எறங்கிப் பாக்கட்டுமா?"

"இஞ்சின்தான் நின்னுடுச்சே அண்ணி. அசந்து தூங்குறாரு போல. போய்ப் பாருங்க" என்றேன்.

அண்ணிமீது எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. படுக்கையில் கிடந்த பொன்னம்மாளுக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றியவர் அவர். ஆனால் அவர் இருந்தால் அண்ணன் முறை அவருக்குத்தானே போகும்? அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை.

காற்று மாறட்டும் என்று காத்திருந்துவிட்டு, இரண்டு பேரையும் நான்தான் மேலே எடுத்தேன். மறுநாள் கொள்ளி வைத்ததும் நான்தான்.

கழற்றிப் போட்ட பழைய கேஸ்கட்டைப் பார்த்துத்தானே என்மேல் சந்தேகப்பட்டீர்கள்? ஆமாம், எரித்த மறுநாளே புதுசு மாற்றி இஞ்சினை ஓட்டினேன். அன்றைக்கு அண்ணன் முறை. தீட்டுதான், கருமாதிக்கு இன்னும் நாள் கிடந்தது. அதற்காகப் பருத்தியைக் காய விட முடியுமா ஐயா? சும்மா கிடக்கிற தண்ணீர்தானே.